வானத்து மறைபொருள்

1947 ஆம் ஆண்டு யூலை 8 ஆம் நாள், அமெரிக்காவிலுள்ள ரொஸ்வெல் விமானத்தளம் பறக்கும் தட்டொன்றைக் கைப்பற்றியதாக அறிவித்தது. விரைவிலேயே, அது வானிலைப் பலூன் என மேலதிகாரிகள் திருத்தினர். இரண்டும் மெய்யன்று. சோவியத் அணுக்குண்டுச் சோதனையின் ஒலியை மேல்வானில் ஒற்றறிய விடுத்த ‘மோகுல்’ பலூன்களின் சிதைவே அது. விமானப்படை இதனை எடுத்துரைத்தது 1994 இல்! அரசாங்கங்கள் மறைக்க வல்லனவே என்பதற்கு இது சான்று. ஆயினும், நேயர்களே, அது ஒரு படையின் கைக்குள் அடங்கிய பொருள், வானம் அத்தகையதன்று. 1967 இல் கேம்பிரிட்ஜில் யோசலின் பெல் கண்ட, 1.33 செக்கனுக்கொருமுறை துடித்த வானொலிச் சைகைக்குச் ‘சிறு பச்சை மனிதர்’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டு, ஏறக்குறைய மூன்று மாதம் வெளியிடாது ஆராய்ந்தனர். 1968 பெப்ரவரியில் செய்தி வெளிவந்தபின் பிறநாட்டுத் தொலைகாட்டிகளும் அதே துடிப்பைப் பிடித்தன. சுழலும் நியூத்திரன் விண்மீனே அது எனப் பின்னர் தெளிந்தது.