ஆற்றுமணலில் ஆனா ஆவன்னா

விஜயதசமியன்று எங்கள் தெருவில் பிள்ளை இருக்கிற வீட்டிலெல்லாம் தாம்பாளத்தில் நெல்லோ அரிசியோ பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைப்பார்கள். படம் எடுப்பார்கள். சாயங்காலமே அரிசி டப்பாவுக்குத் திரும்பிவிடும். அந்த வாரம் முடிவதற்குள் பிள்ளையின் கையில் பென்சிலும் நான்குகோட்டு நோட்டும் வந்திருக்கும். பல வருஷம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான். இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. அந்த நெல்லும் மணலும் ஒருநாள் சடங்குக்காக வந்தவை அல்ல. பல மாதம் நடந்த ஒரு பாடத்தின் முதல் நாள் அது. முதல் நாளை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டோம்.

அந்த மிச்சம் எப்படி இருந்தது என்பதற்கு நல்ல சாட்சிகள் இருக்கின்றன. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளைக்கு முதலில் கிடைத்தது ஓலையுமல்ல, எழுத்தாணியுமல்ல, தரையும் மணலும்தான். அண்ணாவி என்கிற வாத்தியார் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத்தை வரைவார். பிறகு பிள்ளை அதே தடத்தின்மேல் தானே விரலை ஓட்டும். ஓட்டும்போதே வாய்விட்டு ‘ஆனா’, ‘ஆவன்னா’, ‘இனா’, ‘ஈயன்னா’ என்று சொல்ல வேண்டும். எழுத்தின் பேரை நீட்டிச் சொல்லி முடிக்கிற நேரத்தில் விரலும் சுற்றி முடித்திருக்கும். கை, வாய், காது மூன்றும் ஒரே வேலையைச் செய்யும். 1823-ல் பெல்லாரி கலெக்டராக இருந்த ஏ. டி. கேம்பல் மதராஸ் அரசுக்கு எழுதிய அறிக்கையில் இதைத்தான் குறிப்பிடுகிறார்: ஐரோப்பாவில் பிள்ளைகள் எழுத்தை உச்சரித்துக் கற்கிறார்கள், இங்கே விரலால் மணலில் எழுதிக் கற்கிறார்கள். மணலில் விரல் நன்றாகப் பழகிய பிறகுதான் ஓலையில் எழுத்தாணியால் எழுதவோ, காகிதத்தில் நாணல் பேனாவால் எழுதவோ பிள்ளைக்கு அனுமதி கிடைத்தது என்றும் எழுதுகிறார். அதை அவர் ஒரு சலுகை என்றே சொல்கிறார். மணலில் தேறாத கைக்கு ஓலை கிடையாது.

ஓலைக்கு அவ்வளவு கெடுபிடி ஏன் என்பது பனைநாட்டுக்காரர்களுக்குப் புரியும். எழுத்தாணி ஓலையில் கீறுகிற ஆயுதம். வலக்கையில் அதைப் பிடித்து, இடக்கையில் ஓலையைப் பிடித்து, இடக்கைப் பெருவிரல் அதற்கு அண்டை கொடுக்க, ஓலையை நகர்த்திக்கொண்டே எழுத வேண்டும். அழுத்தினால் ஓலை பொத்துப்போகும், அழுத்தாவிட்டால் கீறல் விழாது. கீறியது உடனே கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. விளக்குக்கரியை இலைச்சாற்றில் குழைத்துத் தடவித் துடைத்த பிறகுதான் எழுத்து கறுத்துத் தெரியும். ஆகவே ஓலைக்கு வருகிற பிள்ளை, எழுத்தின் வடிவத்தைக் கண்ணால் பார்க்காமலே கையால் போடத் தெரிந்திருக்க வேண்டும். மணல் அந்தப் பயிற்சியைத் தந்தது.

இன்னொன்றும் உண்டு. ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். குறில் நெடில் வேறுபாடும் எகர ஒகரங்களில் தெளிவாக இராது. இன்று நாம் எழுதுகிற ஏகார ஓகார வடிவங்கள் 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தத்தால் வந்தவை. காலும் ரகரமும்கூட ஓலையில் ஒன்றுபோலவே கிடக்கும். அப்படிப்பட்ட ஏட்டை வாசிக்க வேண்டுமென்றால் செய்தி முன்னமே காதில் ஏறியிருக்க வேண்டும். சொல்லிக்கொண்டே எழுதுகிற வழக்கம் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

இந்த மணல் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 1623-ல் இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வாலே, கன்னட நாட்டில் இக்கேரிக்குப் போகிற வழியில், ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர்களைப் பார்த்தார். தரையில் மெல்லிய மணலைத் தூவி விரலால் கணக்கு எழுதி, எழுதியதையே ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தரை நிறைந்ததும் அழித்துவிட்டுப் புது மணலைத் தூவினார்கள். பக்கத்தில் வாத்தியார் யாரும் இல்லை. மறந்துபோனால் யார் திருத்துவார்கள் என்று அவர் கேட்டதற்கு, நாங்கள் நான்குபேரும் ஒரே இடத்தில் மறக்கமாட்டோமே என்ற பொருளில் பதில் வந்ததாம். ஒரு தாளும் செலவாகாமல், ஒரு மையும் சிந்தாமல் இவ்வளவு நடப்பதைப் பார்த்து அந்த மனிதர் வியந்து எழுதிவைத்திருக்கிறார்.

அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு சென்னை எழும்பூரில் நடந்தது இன்னும் பெரிய கதை. ஆங்கிலேயச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு விடுதிப்பள்ளி இருந்தது. 1789-லிருந்து அதைக் கவனித்துவந்தவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல். காலைச் சவாரியில் ஒரு ‘மலபார்’ பள்ளிக்கூடத்தைக் கடந்து போகும்போது, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் எழுதுவதைக் கண்டார். அந்நாளில் வெள்ளைக்காரர்கள் தமிழரையும் மலபார் என்றுதான் சொன்னார்கள். உடனே தம் பள்ளியிலும் மணலைக் கொண்டுவரச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை. இது ஆகாத காரியம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். பெல் விடவில்லை. ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, அரிச்சுவடி வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். ஆசிரியர்கள் முடியாது என்றதை அவன் முடித்துக்காட்டினான். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தருவதென்பது நம் திண்ணையில் சட்டாம்பிள்ளை காலங்காலமாகச் செய்துவந்த வேலைதான்.

பெல் 1796-ல் ஊர் திரும்பினார். மறுவருஷம் லண்டனில் இதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஏறக்குறைய அதே சமயத்தில் லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டரும் சின்ன வகுப்புக்கு மணல் மேசை வைத்தார். மேசையின் தளத்துக்குக் கறுப்புச் சாயம் பூசி, மேலே வெள்ளை மணலை மெல்லிசாகப் பரப்புவது அவருடைய ஏற்பாடு. விரல் போன இடமெல்லாம் எழுத்து கறுப்பாகத் தெரியும். இதைப் படித்ததிலிருந்து நானும் தாம்பாளத்துக்குள் கறுப்புத் தாளை வெட்டி ஒட்டிவிடுகிறேன். நம்மிடமிருந்து போன பொருள் ஒரு நல்ல யோசனையையும் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. எடுத்துக்கொள்வதில் என்ன தப்பு?

வீட்டில் சொல்லித்தருவது ஏதோ நேற்று வந்த வழக்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்ல வேண்டும். 1822-ல் கவர்னர் தாமஸ் மன்றோ மதராஸ் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-ல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். சென்னை நகரத்தில் மட்டும் வீட்டிலேயே படித்த பிள்ளைகள் 26,000-க்கும் மேல் என்று கலெக்டர் கணக்குக் கொடுத்திருந்தார். பள்ளிக்குப் போனவர்களைப்போல் ஐந்து மடங்கு. எண்ணிக்கையில் ஏதோ பிழை இருக்கலாம் என்று மன்றோவே சந்தேகப்பட்டார். ஆனாலும் வீட்டில் தகப்பனாரோ தாய்மாமனோ, ஒரு தனி வாத்தியாரோ சொல்லித்தருவது சாதாரணமாக நடந்தது என்பதை அவர் மறுக்கவில்லை.

அதே குறிப்பில் பெண்பிள்ளைகள் 4,540 பேர்தான். இந்த எண்ணைக் கடந்துபோக என்னால் முடிவதில்லை. திண்ணையின் பெருமையைப் பேசுகிறவர்கள், பெண்பிள்ளைகளுக்கும் பல சாதிப் பிள்ளைகளுக்கும் அந்தத் திண்ணையில் இடமில்லாமல் போனதையும் சேர்த்தே பேச வேண்டும். எங்கள் ஆச்சி பள்ளிக்கூட வாசல் மிதித்ததில்லை. அவளுடைய அண்ணன் படித்துவிட்டு வந்து முற்றத்து மணலில் எழுதிப்பார்க்கும்போது எதிரே உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தே கற்றதால் கடைசிவரை சில எழுத்துகளை அவள் கீழிருந்து மேலாக இழுப்பாள். அப்படிக் கற்ற எழுத்தில்தான் பால்கணக்கும் வட்டிக்கணக்கும் எழுதினாள், எனக்கும் சொல்லித்தந்தாள்.

ஆச்சி எனக்குச் சொல்லித்தந்த ‘லை’ இன்றைய ‘லை’ இல்லை. யானைத் தும்பிக்கைபோல மேலே ஒரு வளைவு எழும்பி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ணை, ளை, னை மூன்றுக்கும் அப்படியே. றா, ணா, னா எழுதக் கீழே ஒரு சுழி போட வேண்டும். பெரியார் 1935-லேயே தம் பத்திரிகையில் இவற்றை மாற்றி அச்சிடத் தொடங்கினார். 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்ட பிறகு பாடநூலுக்கும் வந்தது. பள்ளியில் ஒரு வடிவம், ஆச்சியின் கடிதத்தில் ஒரு வடிவம் என்று எங்கள் தலைமுறை இரண்டையும் வாசிக்கப் பழகியது. சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தருகிறவள் என்ற முறையில் அந்தச் சீர்திருத்தத்துக்கு நான் நன்றி சொல்லுவேன். ஐகாரத்துக்கு ஒரு குறி, ஆகாரத்துக்கு ஒரு கால் என்று சொல்லிவிட்டால் எல்லா எழுத்துக்கும் அதுவே செல்லும். விதிவிலக்குகளை மனப்பாடம் செய்து அழுத பிள்ளைகளை நான் அறிவேன். அவர்களோடு நானும் இருந்தேன்.

இப்போது என் பேத்திக்கு நாலரை வயது. அவளுக்கு நான் மணலில்தான் தொடங்கியிருக்கிறேன். தாமிரபரணி ஓடுகிற ஊரில் ஆற்றுமணலை அள்ள இன்று யாருக்கும் அனுமதியில்லை, இருக்கவும் கூடாது. பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு படி மணல் கேட்டு வாங்கி, மாவுச் சல்லடையில் சலித்து, தண்ணீர் தெளியும்வரை அலசி, வெயிலில் காயவைத்தேன். தாம்பாளத்தில் மெல்லிசாகப் பரப்ப வேண்டும். கனமாகக் கொட்டினால் விரல் போன தடத்தில் இருபுறமும் மணல் சரிந்து எழுத்தை மூடிவிடும்.

முதல் எழுத்து ‘அ’ இல்லை. சடங்குக்கு ‘அ’ எழுதட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளையின் கைக்கு அது கடினமான எழுத்து. ஒரு சுழி, ஒரு பெரிய வளைவு, ஒரு படுக்கைக்கோடு, ஒரு நிலைக்கோடு என்று நான்கு வித அசைவு அதற்குள் இருக்கிறது. நான் ‘ட’-வில் தொடங்கினேன். மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கோடு; முடிந்தது. அதையே வலக்கோடியில் மேலே தூக்கினால் ‘ப’. ‘ப’-வின் வலக்கையை உள்ளே மடக்கினால் ‘ம’. மூன்று எழுத்திலேயே ‘படம்’ வந்துவிடுகிறது. புள்ளியை மட்டும் விரல் நுனியால் குத்த வேண்டும். அவளுக்கு அதில்தான் ரொம்பப் பிரியம்.

“ஆச்சி, புள்ளிய நான் ரெண்டு வைக்கட்டா?”

“ஒண்ணு போதும்டி. ரெண்டு வச்சா யாரு வாசிப்பா?”

“நான் வாசிப்பேன்.”

சரி என்று விட்டுவிட்டேன். மணலில் அதுதான் வசதி. தாம்பாளத்தை ஒரு தட்டு தட்டினால் தப்பும் சரியும் ஒன்றாக மறைந்துவிடும். நோட்டில் அப்படியில்லை. ரப்பரால் அழித்த தடம் நிற்கும், தாள் கிழியும், அம்மாவின் முகம் மாறும். எழுதுவது என்றாலே மாட்டிக்கொள்வது என்ற பயம் பிள்ளைக்கு அங்கேதான் பிறக்கிறது.

1939-ல் மரியா மாண்டிசோரி அடையாறு தியசாபிகல் சங்கத்துக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிக் கற்கும் முறை அவருடையது. அவர் அதை நம் திண்ணையிலிருந்து எடுக்கவில்லை. அவருக்கு வழி வேறு. ஆனாலும் வாசிப்பதற்கு முன்னால் எழுதலாம், விரலுக்குத் தெரிந்தது கண்ணுக்குப் பிறகு எளிதாக வரும் என்று அவர் சொன்னதும், கேம்பல் பெல்லாரியில் கண்டதும் ஒன்றுதான். இன்று மாண்டிசோரி என்று பலகை வைத்த பள்ளிகளில் அந்தத் தாளுக்குத் தனியாகக் கட்டணம் வாங்குகிறார்கள். வாங்கட்டும். ஒரு படி மணலுக்கு யாரும் பணம் கேட்கமாட்டார்கள் என்பதையும் பெற்றோர் தெரிந்துகொண்டால் நல்லது.

மணலுக்கு அடுத்தது சிலேட்டு. நாங்கள் படித்தபோது கோவை இலையும் கரியும் தேய்த்துச் சிலேட்டைக் கறுப்பாக்குவோம். பலப்பம் கல்லில் உரசும்போது கைக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். வழுவழுப்பான பிளாஸ்டிக் பலகையில் அது கிடைக்காது. கல் சிலேட்டு ஒன்று பாத்திரக்கடை மாடியில் கிடைத்தது, வாங்கி வைத்திருக்கிறேன். அதன் மேல்வரியில் நான் எழுதிக்கொடுக்க, கீழே அவள் எழுத வேண்டும். அந்தக் காலத்தில் அண்ணாவி ஓலையில் எழுதிக்கொடுத்த மேல்வரிச்சட்டமும் இதுதான்.

பென்சில் பொங்கலுக்குப் பிறகுதான். பள்ளியில் மற்ற பிள்ளைகள் முதல் நோட்டையே முடித்துவிட்டார்கள் என்று மருமகள் கவலைப்படுகிறாள். அவளையும் ஒருநாள் தாம்பாளத்தின் முன்னால் உட்காரவைத்து ‘அ’ எழுதச் சொன்னேன். மூன்றுதரம் அழித்து எழுதிவிட்டு, “இது இவ்வளவு கஷ்டமா அத்தை?” என்றாள். அதற்குப் பிறகு நோட்டைப் பற்றிக் கேட்கவில்லை.