ஊர் போனது, பெயர் மட்டும் நின்றது: இங்கிலாந்துப் பிரவுன் ஏலின் வரலாறு

இங்கிலாந்து மக்கள் அருந்தும் பீர் வகைகளில் பிரவுன் ஏலும் ஒன்று. கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தால் அது பாலில்லாத தேநீரைப் போலச் செம்பழுப்பாகத் தெரியும். வறுத்த கொட்டையின் வாசமும் காய்ச்சிய சர்க்கரைப் பாகின் வாசமும் மூக்கில் ஏறும். முதல் மிடறில் இனிப்பு முந்தும். கசப்பு பின்னால், அதுவும் மெல்லியதாகவே வரும். மிகவும் குளிர வைத்தால் வாசம் அடங்கிவிடும். ஆகவே, இலேசான குளிர்ச்சியில்தான் அதன் சுவையை அறிய முடியும் என்பர் விவரமறிந்தோர்.

இந்தச் சுவை எப்படி வந்தது? அதற்குள் விறகும் வரியும் உண்டு. ஓர் ஊரின் உழைப்பும் உண்டு.

நெருப்பு தந்த நிறம்

பீருக்கு மூலப்பொருள் பார்லி. அதை நீரில் ஊற வைத்து, முளைகட்டி, சூட்டில் உலர்த்துவார்கள். அதுவே மால்ட். விறகு நெருப்பில் உலர்ந்த மால்ட் பழுப்பாக இருந்தது. அதில் காய்ச்சிய பீரும் பழுப்பாக இருந்தது. நிலக்கரியிலிருந்து புகை நீக்கிச் செய்த கோக் எரிபொருள் பரவிய பின்னர் வெளிர் நிற மால்ட் செய்வது எளிதாயிற்று.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திரவ அடர்த்தியை அளக்கும் கருவி பீர் ஆலைகளுக்கு வந்தது. வெளிர் மால்ட்டே அதிகச் சர்க்கரை தருகிறது என்பதை அது காட்டிக் கொடுத்தது. மால்ட்டுக்கோ 1697 முதல் வரி இருந்தது. வரி செலுத்தி வாங்கும் பொருளில் குறைவாகப் பலன் தருவதை எந்த ஆலை விரும்பும்? பழைய பழுப்பு ஏல் மெல்ல மெல்ல மறைந்தது.

போத்தலில் மறுபிறவி

1902இல் லண்டனின் மான் நிறுவனம் போத்தலில் அடைத்த இனிப்பான பிரவுன் ஏலை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பீப்பாயில் நாள்பட்டு உயிரிழந்த பீரோடு இதைக் கலந்து குடிக்கும் வழக்கமும் பரவியது.

வடக்கே டைன் நதிக்கரையில் உள்ள நியூகாசல், நிலக்கரிக்கும் கப்பல் கட்டுதலுக்கும் பேர் பெற்ற தொழிலாளர் நகரம். அங்கே ஜிம் போர்ட்டர் என்பவர் மூன்றாண்டுகள் முயன்று உருவாக்கிய நியூகாசல் பிரவுன் ஏல் 1927இல் வெளிவந்தது. தெற்கத்திய வகையைவிட இது வலுவானது, இனிப்புக் குறைந்தது. அடுத்த ஆண்டே லண்டன் கண்காட்சியில் பரிசு பெற்றது. போத்தலில் உள்ள நீல நட்சத்திரத்தின் ஐந்து முனைகள், 1890இல் ஒன்றிணைந்து அந்நிறுவனத்தை உருவாக்கிய ஐந்து ஆலைகளைக் குறிப்பவை.

பெயருக்கு வந்த சோதனை

2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பீருக்குப் புவிசார் பாதுகாப்பு வழங்கியது. அதாவது, நியூகாசலில் காய்ச்சினால் மட்டுமே அந்தப் பெயரைச் சூட்டலாம். அந்தப் பாதுகாப்பைக் கேட்டுப் பெற்றது ஆலை நிறுவனமேதான்.

ஆனால் 2005இல் செலவைக் குறைக்க நகரத்து ஆலை மூடப்பட்டு, காய்ச்சும் பணி ஆற்றின் மறுகரையில் கேட்ஸ்ஹெட்டுக்கு அருகே உள்ள டன்ஸ்டனுக்கு மாறியது. பாலத்தைக் கடந்தால் போதும், தூரம் அவ்வளவே. எனினும், சட்டப்படி அது நியூகாசல் அல்ல. கேட்டுப் பெற்ற பாதுகாப்பே இப்போது விலங்காயிற்று. அதை நீக்கும்படி நிறுவனமே விண்ணப்பித்து, 2007இல் நீக்கிக் கொண்டது.

அதன்பின் தடுக்க எதுவும் இல்லை. 2008இல் அந்நிறுவனம் கைமாறி, இந்தப் பீர் ஹெய்னெகன் வசம் சென்றது. 2010இல் டன்ஸ்டன் ஆலையும் மூடப்பட்டது. வடக்கத்திய தொழிலாளர் மன்றங்கள் கூட்டுறவாக வளர்த்த ஆலை அது. காய்ச்சும் பணி நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் தெற்கே உள்ள டாட்காஸ்டருக்குப் போயிற்று. 2019இல் அமெரிக்கச் சந்தைக்கான பீர் அந்நாட்டு ஆலையிலேயே, வேறு செய்முறையில் காய்ச்சப்படலாயிற்று. நியூகாசலில் பழைய ஆலை நின்ற இடத்தில் இன்று பல்கலைக்கழகக் கட்டடங்கள் நிற்கின்றன.

ஆலைகளை இணைப்பது வணிகக் கணக்கில் நியாயமாக இருக்கலாம். ஆனால் அந்தப் பெயருக்கு மதிப்புத் தேடித் தந்தவர்கள் அந்நகர மக்கள். பெயர் நிறுவனத்தின் சொத்தாக நீடித்தது. வேலையோ ஊரை விட்டுப் போனது. பாதுகாப்பு வேண்டும் என்று கேட்கவும் வேண்டாம் என்று கைவிடவும் நிறுவனத்தால் முடிந்தது. ஊரார் கையில் எதுவும் இருக்கவில்லை.

இன்று உலகெங்கும் எத்தனையோ பண்டங்கள் ஊர்ப் பெயரோடு கடைகளில் அடுக்கப்படுகின்றன. சுவையைப் பாராட்டுவோர் முன்பக்கத்துப் பெயரோடு நில்லாமல், அது எங்கே, யாரால் செய்யப்பட்டது என்பதைப் பின்பக்கத்துச் சிற்றெழுத்திலும் தேடிப் பார்ப்பது நல்லது.