லண்டன் கிளியும் பாசடீனா கிளியும்

ஜனவரி மாதத்துக் காலை. லண்டனின் ரிச்மண்ட் பூங்காவில், வயதான ஓக் மரம் ஒன்றின் அடியில் நிற்கிறேன். புல் முழுக்க உறைபனி, மரத்தில் பேருக்குக்கூட ஓர் இலை இல்லை. ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு மேலே, மரங்கொத்தி எப்போதோ குடைந்துவிட்டுப் போன பொந்தின் வாயில் ஒரு பெண் கிளி தலைகீழாகத் தொங்கியபடி விளிம்பைக் கொறிக்கிறது. ஒரு சிராய் பிய்கிறது. அதை அலகில் ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டுக் கீழே விடுகிறது. பிறகு தலையை உள்ளே விட்டு, தோள் நுழையுமா என்று பார்க்கிறது. நுழையவில்லை. மறுபடியும் கொறிக்கிறது. பக்கத்துக் கிளையில் ஆண் கிளி. கழுத்தைச் சுற்றிக் கருப்பும் ரோஜா நிறமும் கலந்த ஆரம். என் ஊரில் மொட்டைப் பனையின் பொந்தில் சிறு வயதில் நான் பார்த்ததும் இதே வேலைதான். அதே கண் உருட்டல், அதே கீச்சுக் குரல். உறைபனி ஒன்றுதான் புதிது.

இங்கிருந்து உலகின் மறுபக்கம், கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய பாசடீனா, டெம்பிள் சிட்டி வட்டாரத்தில் வேறொரு கிளிக் கூட்டம் இருக்கிறது. பொழுது சாயும் நேரத்தில் நாலா பக்கமிருந்தும் வந்து தெருவோர மரங்களில் அடையும். நம் பச்சைக்கிளியைப் போல நீண்ட வால் கிடையாது. கட்டையான வால், தடித்த உடம்பு, நெற்றியிலும் உச்சியிலும் குங்குமம் அப்பியதுபோல் சிவப்பு. சிறகை ஆழமாக வீசாமல் படபடவென்று அடித்துப் பறக்கும். பெருங்கூட்டத்துக்குள்ளும் இணை இணையாக ஒட்டிப் பறப்பதைக் கீழிருந்தே பார்க்கலாம். செவ்வுச்சி அமேசான் கிளி என்பது இதன் இனம். சுருக்கமாகச் செந்தலைக் கிளி என்று சொல்லிக்கொள்கிறேன். விடியற்காலையில் இது போடும் சத்தத்தில் அந்தத் தெருக்காரர்களுக்குத் தூக்கம் கெடும். பலருக்கு எரிச்சல். அதே தெருவில் அதைக் கேட்கவே முற்றத்துக்கு வருகிறவர்களும் உண்டு.

இரண்டுமே கிளி, இரண்டுமே பச்சை, இரண்டுமே சொந்த மண்ணிலிருந்து வெகுதூரத்தில் ஒரு மாநகரத்தில் குடும்பம் நடத்துகின்றன. ஆகவே இரண்டையும் 'அயல் இனம்' என்ற ஒரே பட்டியலில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. அப்படி எழுதுவது பாதி உண்மைதான் என்பதைச் சொல்லவே இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

வந்த கதையிலிருந்து தொடங்கலாம். கிட்டாரிஸ்ட் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1960-களில் கார்னபி தெருவில் ஒரு ஜோடிக் கிளியைப் பறக்கவிட்டார், அவற்றின் வம்சம்தான் இதெல்லாம் என்பார்கள் லண்டன்காரர்கள். 1951-இல் வெளிவந்த 'தி ஆப்பிரிக்கன் குவீன்' படத்துக்காக ஐசல்வொர்த் ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்த கிளிகள் தப்பிவிட்டன என்பது இன்னொரு கதை. பாசடீனாவில் சொல்லப்படுவது ஒரு தீ விபத்து. 1959-இல் செடிகளோடு பறவைகளும் விற்ற ஒரு நாற்றங்கால் கடை எரிந்ததாம், கூண்டுகளைத் திறந்துவிட்டு உயிர்களைக் காப்பாற்றினார்களாம். வேன் நைஸில் இருந்த கேளிக்கைப் பூங்கா ஒன்று 1979-இல் மூடியபோது பறவைகள் வெளியேறின என்றும் சொல்கிறார்கள்.

லண்டன் கதைகளைக் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் லெ கோம்பர் குழு சோதித்தது. தொடர் குற்றவாளியின் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கக் காவல்துறை கையாளும் கணக்குமுறையை எடுத்துக்கொண்டு, கிளிகள் தென்பட்ட இடங்களை வரைபடத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2019-இல் வந்த அந்த ஆய்வில் கார்னபி தெருவும் தேறவில்லை, ஐசல்வொர்த்தும் தேறவில்லை. பழைய செய்தித்தாள்களைப் புரட்டியபோது வேறொன்று கிடைத்தது. 1929-க்குப் பிறகும் 1950-களின் தொடக்கத்திலும் 'கிளிக் காய்ச்சல்' பீதி பரவி, மக்கள் வளர்ப்புக் கிளிகளைக் கண்டு அஞ்சினார்கள். அஞ்சியவர்களில் பலர் கூண்டைத் திறந்துவிட்டிருக்கக்கூடும். பிரிட்டனில் இந்தக் கிளி 1855-லேயே நார்ஃபோக்கில் குஞ்சு பொரித்ததாகப் பதிவு இருக்கிறது; ஹெண்ட்ரிக்ஸ் பிறந்ததோ 1942-இல். நிலையான கூட்டம் உருவானது மட்டும் 1969 வாக்கில், கெண்ட் பக்கத்தில்.

ஒரு பாடகன், ஒரு திரைப்படம், ஒரு தீ என்று கதை நமக்கு ஏன் இவ்வளவு பிடித்துப்போகிறது? அதில் விடுதலை இருக்கிறது. யாரோ ஒருவர் இரக்கப்பட்டுக் கூண்டைத் திறக்கிறார். ஆனால் கூண்டுக்குள் அந்தக் கிளி எப்படி வந்தது என்று எந்தக் கதையும் சொல்வதில்லை. 1984 முதல் 2007 வரை ஐரோப்பாவுக்குள் இறக்குமதியான பச்சைக்கிளிகள், பதிவில் உள்ளவை மட்டுமே 1,46,000-க்கும் மேல். 1970 முதல் 1982 வரை மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன செந்தலைக் கிளிகள் ஏறக்குறைய 16,000; கள்ளத்தனமாக எல்லை தாண்டியவை இதில் சேராது. இரு நகரங்களின் கிளிகளுக்கும் பொதுவான பூர்வகதை இந்த வியாபாரம்தான். அந்த ஓட்டத்தில் அங்கங்கே கசிந்தவை, தப்பியவை, சலித்துப்போய்த் திறந்துவிடப்பட்டவை எல்லாம் சேர்ந்துதான் இன்றைய கூட்டங்கள். இவற்றை வந்தேறி என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. பிடித்துக் கொண்டுவந்தவர்கள் நாம்.

இதுவரை இரண்டும் ஒரே கதை. கிளிகளின் தாய்நாட்டுக்குப் போய்ப் பார்த்தால் கதை இரண்டாகப் பிரிகிறது.

லண்டன் கிளி நம்முடைய பச்சைக்கிளிதான். சஹாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவின் குறுக்கே ஒரு பட்டையாகவும், இந்தியத் துணைக்கண்டம் முழுக்கவும், இலங்கையிலும் இதன் வாழிடம். மரபணுவை ஒப்பிட்ட 2015-ஆம் ஆண்டு ஆய்வு, ஐரோப்பியக் கூட்டங்களின் வேர் பெரும்பாலும் பாகிஸ்தானிலும் வட இந்தியாவிலும் இருப்பதாகக் காட்டியது. மதுரைக் கிளிக்கு லண்டன் குளிர் புதிராக இருக்கலாம். பஞ்சாபின் பனிக்காலத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கண்ட கிளிக்கு அவ்வளவு புதிரில்லை. போதாததற்கு, ஆங்கிலேயர்கள் தோட்டத்தில் பறவைக்கென்று நிலக்கடலையும் சூரியகாந்தி விதையும் குளிர்காலம் முழுக்கத் தொங்கவிடுகிறார்கள். இன்று பிரிட்டனில் சுமார் 12,000 ஜோடிகள் கூடு வைக்கின்றன. ஊரிலும் இந்தக் கிளிக்குப் பஞ்சமில்லை. தினைப்புனத்தில் பெண்கள் கவணோடு நின்று கிளி ஓட்டிய காலம் தொட்டு, சோளத்தையும் கொய்யாவையும் இழக்கும் இன்றைய விவசாயி வரை, கிளி அதிகம் என்ற புகாரே நம் பக்கம் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைக் கூண்டில் வைப்பது குற்றம். சோதிடக்காரரின் பெட்டியிலும் வீட்டுத் திண்ணையிலும் வைக்கத்தான் செய்கிறார்கள், அது பெரிய துயரம். ஆனாலும் இனம் அழியும் நிலையில் இல்லை. லண்டன் கூட்டம் நாளைக்கே மறைந்தாலும் பச்சைக்கிளி என்ற இனத்துக்குக் குறைவு வராது.

செந்தலைக் கிளியின் தாய்நிலம் சின்னது. மெக்சிகோவின் வடகிழக்கில் தமௌலிபாஸ், சான் லூயிஸ் பொட்டோசி, வேராகுரூஸ் பகுதிகளின் தாழ்நிலக் காடுகள், அவ்வளவுதான். அந்தக் காடுகளில் பெரும்பகுதி மேய்ச்சல் நிலமாகவும் வயலாகவும் மாறிவிட்டது. மிச்சத்தைக் கிளிக்குஞ்சு பிடிப்பவர்கள் கெடுத்தார்கள். பொந்து உயரத்தில் இருந்தால் சில இடங்களில் மரத்தையே வெட்டிச் சாய்த்துக் குஞ்சை எடுத்தார்கள். அந்த வருடக் குஞ்சோடு, அடுத்தடுத்த வருடங்களின் கூடும் அதோடு போயிற்று. இன்று இது அழியும் ஆபத்தில் உள்ள இனம். சர்வதேச வணிகத்துக்கு 1997-இல் முழுத்தடை வந்தது, மெக்சிகோ 2008-இல் எல்லாக் காட்டுக் கிளிகளையும் பிடிக்கத் தடை விதித்தது. காட்டில் எஞ்சியவை சில ஆயிரங்களே என்பது கணிப்பு. தெற்குக் கலிபோர்னியாவின் தெருக்களில் இருப்பவையும் சில ஆயிரம். அங்கே குறைவா இங்கே குறைவா என்று கேட்க வேண்டிய நிலைக்கு ஓர் இனம் வந்து நிற்கிறது.

ஆக, லண்டன் கிளி தன் இனத்தின் ஓர் உபரிக் கிளை. பாசடீனா கிளியோ தன் இனத்தின் பாதிச் சொத்து. ஒரே சொல்லால் இரண்டையும் அழைப்பதில் எனக்குள்ள தயக்கம் இங்கேதான் பிறக்கிறது. அந்தச் சொல்லே எவ்வளவு தள்ளாடுகிறது என்பதற்கு டெக்சாஸ் ஒரு சாட்சி. தமௌலிபாஸை ஒட்டிய எல்லையில், பிரௌன்ஸ்வில் நகரத்தில் இதே செந்தலைக் கிளிகள் உண்டு. காடு அழிய அழிய வடக்கே தாமாகப் பறந்து வந்தவையும் அவற்றில் இருக்கலாம் என்பதால் அங்கே மண்ணின் பறவையாகவே கணக்கு. 1992-இல் அந்நகரம் இதைத் தன் நகரப் பறவையாக அறிவித்தது. அதே கிளி கலிபோர்னியாவில் அயல் கிளி.

அமெரிக்காவுக்கென்று சொந்தமாகவே ஒரு கிளி இருந்தது என்பதையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கரோலினா கிளி. காடழித்தும் சுட்டும் அதைத் தீர்த்தார்கள். கடைசியாக அறியப்பட்ட ஒன்று 1918-இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் செத்தது.

இனி, வந்த இடத்தில் இவை என்ன செய்கின்றன என்ற கேள்வி. இதில் லண்டன் கிளிமேல் நான் வைத்திருக்கும் பாசம் சற்றே ஆட்டம் காண்கிறது. கிளிக்குப் பொந்து வேண்டும். பிரிட்டனில் நட்ஹேட்ச் என்ற சின்னப் பறவைக்கும், ஆந்தைக்கும், வௌவாலுக்கும் அதே பொந்து வேண்டும். அவை வசந்தத்தில் வீடு தேடத் தொடங்கும் முன்பே, உறைபனிக் காலத்தில் கிளி வந்து இடம் பிடித்துவிடுகிறது. நான் ரிச்மண்டில் பார்த்தது அதைத்தான். அழகென்று ரசித்த அந்தக் கொறிப்பு, இன்னொரு பறவையின் வீடு பறிபோகும் சத்தமாகவும் இருக்கலாம். பெல்ஜியத்தில் ஆய்வாளர்கள் கிளிகளின் பொந்துகளை அடைத்துப் பார்த்தார்கள். கிளிகள் பக்கத்துப் பொந்துகளுக்கு மாறின, நட்ஹேட்ச் குறைந்தது. ஆனால் பிரிட்டனின் பல ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்து 2011-இல் வந்த ஆய்வு, நாடு தழுவிய அளவில் அப்படிப் பெரிய சரிவு எதையும் காணவில்லை.

ஸ்பெயினின் செவில் நகரச் செய்தி இன்னும் கடுமையானது. மரியா லூயிசா பூங்காவில் இதே பச்சைக்கிளிகள் பெரிய நாக்டியூல் என்ற அரிய வௌவாலைப் பொந்திலிருந்து விரட்டுகின்றன, கடித்துக் கொல்லவும் செய்கின்றன. 14 ஆண்டுகளில் அந்த வௌவால்கள் தங்கிய மரங்கள் 81 சதவீதம் குறைந்துவிட்டன. அந்த வௌவாலுக்காகப் பேசுகிறவரிடம் கிளி பாவம் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஓரிடத்தில் பெரிய பாதிப்பில்லை என்பதை வைத்து எல்லா இடத்துக்கும் தீர்ப்பு எழுத முடியாது, செவிலை வைத்து லண்டனுக்கும் எழுத முடியாது. பொந்துக்குப் பொந்து, பூங்காவுக்குப் பூங்கா பார்க்கத்தான் வேண்டும்.

பாசடீனாவில் நிலைமை வேறு. அங்கே செந்தலைக் கிளி தின்பது பெரும்பாலும் மனிதன் உலகெங்கிலுமிருந்து கொண்டுவந்து நட்ட மரங்களின் காயும் விதையும். குழாய்த் தண்ணீரில் பிழைக்கும் அந்தத் தோப்பை விட்டு மலைச்சரிவின் வறண்ட புதர்க்காட்டுக்குள் அது பெரிதாகப் போவதில்லை. நகரத்தின் எல்லைதான் கிளியின் எல்லை. மண்ணின் உயிர்களோடு மோதவும் அங்கே வாய்ப்புக் குறைவு. லண்டன் கிளி தொன்மையான ஓக் மரத்துக்குள் நுழைந்திருக்கிறது. பாசடீனா கிளி மனிதன் போட்ட பந்தலுக்குள்ளேயே இருக்கிறது.

அப்படியானால் பாசடீனாவின் கூட்டத்தைச் சேமிப்பாக வைத்து, ஒருநாள் மெக்சிகோவின் காட்டுக்குத் திருப்பி அனுப்பலாமா? ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கலிபோர்னியாவில் இது, மெக்சிகோவின் மேற்குக் கரையைச் சேர்ந்த இளஊதா உச்சிக் கிளியோடு இணைந்து கலப்புக் குஞ்சு பொரிக்கிறது. தாய்நிலத்தில் ஒன்றையொன்று பார்த்தே இராத இரண்டு இனங்களை வியாபாரம் ஒரே தெருவில் கொண்டுவந்து போட்டதன் விளைவு. நகரத்து நோய்கள் வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, திருப்பி அனுப்பக் காடு இருக்க வேண்டும். காட்டைக் காப்பாற்றாமல் தெருவில் கிளியைக் காப்பாற்றி ஆறுதல் கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்காக, அந்தத் தெருக்கிளியைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவதையும் ஏற்க முடியவில்லை.

கணக்கில் சேர்க்கும் வேலை நடக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸின் ஆக்சிடென்டல் கல்லூரியில் ஜான் மெக்கார்மக் என்ற உயிரியலாளர் நகரத்துக் கிளிகளை ஆராய்ந்து வருகிறார். அவர் பொறுப்பில் உள்ள மூர் விலங்கியல் ஆய்வகத்தின் இழுப்பறைகளில், 1930-களிலிருந்து 1950-கள் வரை மெக்சிகோவில் சேகரித்த பறவைகளின் பதப்படுத்திய உடல்கள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. காலில் நூலால் கட்டிய சீட்டில் ஊர், நாள். காடு இவ்வளவு அழிவதற்கு முன்னால் பிடித்தவை அவை. அந்த இறந்த பறவைகளின் மரபணுவையும் வெளியே மரத்தில் கத்திக்கொண்டிருக்கும் கிளியின் உதிர்ந்த இறகையும் ஒப்பிட்டால், கூண்டும் கடத்தலும் அறுபது வருட நகர வாழ்க்கையும் கடந்து அந்தக் கிளியில் மெக்சிகோ எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தெரியவரும்.