மரபும் மடியும்

'இந்தப் பிள்ளையைப் பெற்றவளுக்குச் சித்தம் கலங்கியிருந்ததாமே!' திருப்பரங்குன்றத்துத் தெருவானாலும் மதுரை நகரத்து வீதியானாலும், இந்த ஒரு சொல், பிள்ளையை எடுத்து வளர்க்க எண்ணும் தம்பதியரைத் தயங்கச் செய்துவிடும். துணிந்து எடுத்து வளர்ப்போரும் அச்செய்தியை மறைக்கவே விரும்புவர். மறைப்பது நன்மைதானா? வரலாறு தரும் விடையை நோக்குவோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹாரிஸாவின் மகன் ஸைத் (ரலி) அவர்களை வளர்ப்பு மகனாக ஏற்றிருந்தார்கள். மக்களும் அவரை முஹம்மதின் மகன் என்றே அழைத்தனர். வளர்ப்புப் பிள்ளைகளைப் பெற்ற தந்தையரின் பெயரோடு அழைக்குமாறு திருமறையின் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தில் கட்டளை இறங்கியதும், அவர் மீண்டும் ஸைத் இப்னு ஹாரிஸா ஆனார். பெயர் மாறிற்று, பாசம் மாறவில்லை. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மூத்தா போருக்கு அவரையே முதல் தளபதியாக நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். பிறப்பை மறைக்காமலே பேரன்பு செலுத்தலாம் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

பிறப்பை அறிந்திருப்பதன் பயனைப் பிற்கால மருத்துவமும் உணர்த்தியது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், மனச்சிதைவு நோயுற்ற தாய்மாருக்குப் பிறந்து, பிறந்தவுடனேயே பிரிக்கப்பட்டு வளர்ந்த 47 பேரை ஆராய்ந்த லெனார்ட் ஹெஸ்டன், 1966இல் தம் முடிவை வெளியிட்டார். ஐவருக்கு அந்நோய் கண்டிருந்தது. ஒப்பிட எடுத்துக்கொண்ட மற்ற 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. வேறு மனத்துன்பங்களும் முதல் பிரிவினரிடையே மிகுந்திருந்தன. ஆக, மரபின் பங்கு மெய்யே. ஆயினும் 42 பேரை அந்நோய் அணுகவில்லை என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. பின்லாந்தில் பெக்கா தியெனாரி குழுவினர் பல்லாண்டு ஆய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவோ இன்னும் ஆறுதல் தருவது: அத்தகைய தாய்மாரின் பிள்ளைகளுள், சச்சரவு மலிந்த வளர்ப்பு இல்லங்களில் வளர்ந்தோரிடையே நோய் மிகுந்தது, இணக்கமான இல்லங்களில் வளர்ந்தோரிடையே குறைந்தது. மரபு விதை என்றால், மடி நிலமாகும்.

மனநோயை மானக்கேடாகக் கருதி ஒதுக்கியதன் விலையையும் நம் மண் கண்டது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநல விடுதியொன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலாமல், 28 உயிர்கள் மாண்டன.

இளையோர் நீதிச் சட்டத்தின்படி எம்மதத்தவரும் தத்தெடுக்கலாம் என 2014இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டாயமன்று, விரும்பியோர்க்கு வழி. அம்முறையில் பிள்ளையின் உடல்நல அறிக்கை பெற்றோராக வருவோர்க்குக் காட்டப்படுகிறது. அதனைக் கிழித்தெறியாது பேணுவோம். வயதறிந்து பிள்ளைக்கும் பக்குவமாய் உரைப்போம். பருவ வயதில் உறக்கம் கெட்டு, படிப்பில் மனம் சிதறி, தனிமையை நாடினால், மருத்துவரிடம் காலந்தாழ்த்தாது சென்று குடும்ப வரலாற்றை ஒளிக்காமல் சொல்வோம். உண்மையும் அன்பும் ஒரே வீட்டில் வாழட்டும்.