தாத்தாவோட ட்ரங்க் பெட்டியும் 3 கோடி டாலர் செருப்பும்

கொஞ்ச நேரம் கொசுவத்தி சுத்திக்கறேன் மக்களே, பொறுத்துக்கோங்க.

எங்க தாத்தா ரயில்வேல இருந்தவர். தாம்பரம் ஜாகை. சம்பளம் வந்த வாரம் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி பார்க் ஸ்டேஷன்ல இறங்கி, நேரா மூர் மார்க்கெட் போயிடுவாராம். பழைய பாட்டுப் புத்தகம் வாங்க. பாட்டுப் புத்தகம்னா இப்ப இருக்கற புள்ளைங்களுக்குத் தெரியாது (நானே பெருசா ஒண்ணும் பாத்ததில்லை). படம் ரிலீஸ் ஆகும்போது தியேட்டர் வாசல்ல விக்கற சின்னப் புத்தகம். மேலட்டைல ஹீரோ ஹீரோயின், உள்ள நடிகர் பட்டியல், பாட்டு வரிகள், கதைச் சுருக்கம். அந்தச் சுருக்கம் கரெக்டா கிளைமாக்ஸ் வர்ற இடத்துல நின்னு, "மீதியை வெள்ளித்திரையில் காண்க"ன்னு வெறுப்பேத்தும். பின்னட்டைல சோப்பு, லேகியம் விளம்பரம்.

தாத்தாகிட்ட ரெண்டு ட்ரங்க் பெட்டி நிறைய இருந்துச்சு. நான் ரெண்டாம் கிளாஸ் படிக்கறப்ப வீட்டுக்கு வெள்ளையடிச்சாங்க. அப்ப ஒரு பெட்டி பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போயிடுச்சு. யார் போட்டாங்கன்னு சொன்னா குடும்பத்துல சண்டை வரும், விட்டுருவோம். தாத்தா அன்னைக்கு ராத்திரி சாப்பிடலைன்னு அம்மா சொல்வாங்க. 1985ல மூர் மார்க்கெட் எரிஞ்சப்பவும் அப்படித்தான் இருந்தாராம்.

மீதிப் பெட்டியில இப்ப இருக்கறது 43 புத்தகம். அதுல ஒண்ணு 'ஹரிதாஸ்', 1944. போன மாசம் ஒரு ஆளு போன் பண்ணினார். பழைய சினிமா சமாச்சாரம் வாங்கி விக்கறவராம். ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். 'ஹரிதாஸு'க்கு எட்டாயிரம் தர்றேங்கறார். எம்.ஜி.ஆர்., சிவாஜி படம் ஆறு இருக்கு, அதுக்கும் ஒரு ரேட். "மத்தது வேணாம் தம்பி, நகராது" அப்படின்னுட்டார்.

சிறுசேரி ஆபீஸ்ல ஒரு பில்டு ஓடி முடியற வரைக்கும் சும்மாதானே உக்காந்திருக்கோம்னு, இந்த ஏல மேட்டரைத் தோண்ட ஆரம்பிச்சேன். அங்க ஆரம்பிச்சதுதான் இந்தப் பதிவு.

முதல்ல ஹாலிவுட். அவங்க என்னமோ பொத்திப் பொத்திப் பாதுகாத்தாங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். கிடையவே கிடையாது. 1970 மே மாசம் எம்.ஜி.எம். ஸ்டூடியோ தன்னோட கிடங்கையே காலி பண்ணுச்சு. உடுப்பு, நாற்காலி, கப்பல்னு எல்லாத்தையும் மொத்தமா ஒரு ஏலக்காரர்கிட்ட வித்துட்டாங்க. அவர் வாரக்கணக்குல ஏலம் போட்டார். 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' (1939) படத்துல ஜூடி கார்லண்ட் போட்ட சிவப்புச் செருப்பு ஒரு ஜோடி அன்னைக்கு 15,000 டாலருக்குப் போச்சு. அதையே பைத்தியக்காரத்தனம்னாங்க. நடிகை டெபி ரெனால்ட்ஸ் அந்த ஏலத்துல கை நிறைய வாங்கினார். ஒரு மியூசியம் வைக்கணும்னு நாப்பது வருஷம் அலைஞ்சார். நடக்கலை. 2011ல அவரும் ஏலத்துக்கே விட வேண்டியதாப் போச்சு. மர்லின் மன்றோவோட அந்தப் பறக்கற வெள்ளை கவுன் மட்டும் 46 லட்சம் டாலருக்குப் போச்சு, கமிஷன் தனி.

அந்தச் செருப்புல இன்னொரு ஜோடி மின்னசோட்டாவுல ஒரு மியூசியத்துல இருந்து 2005ல திருடு போச்சு. திருடினவர் அது நிஜ மாணிக்கம்னு நினைச்சுட்டாராம்! கண்ணாடியும் ஜிகினாவும்தான்னு தெரிஞ்சதும் கடுப்பாகிக் கைகழுவிட்டார். 2018ல எஃப்.பி.ஐ. மீட்டுச்சு. 2024 டிசம்பர்ல அதே செருப்பு ஏலத்துல கமிஷனோட சேர்த்து 3 கோடியே 25 லட்சம் டாலர். திருடன் அந்தச் செய்தியைப் படிச்சிருந்தா என்ன நினைச்சிருப்பான்... ஹும்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். நம்மாளுங்களும் அந்தத் திருடன் மாதிரியேதான். உள்ள வெள்ளி இருக்கான்னு பாத்தாங்க. பழைய கறுப்பு வெள்ளை ஃபிலிம்ல வெள்ளி உண்டு. படம் ஓடி முடிஞ்சா ரீலை வெள்ளி எடுக்கக் குடுத்துடுவாங்க. நம்ம முதல் பேசும் படம் 'காளிதாஸ்' (1931) பிரிண்ட் இல்லை. நடராஜ முதலியாரோட 'கீசகவதம்' இல்லை. 'மார்த்தாண்ட வர்மா' (1933) மௌனப்படம் மட்டும் எப்படித் தப்பிச்சுது தெரியுமா? நாகர்கோவில் சுந்தர்ராஜ் எடுத்த படம். நாவலோட உரிமையை வச்சிருந்த திருவனந்தபுரம் பதிப்பகம் கேஸ் போட்டு, படத்தை ஓட விடாமப் பண்ணி, பிரிண்ட் அவங்க கைக்கே போயிடுச்சு. 1974 வரைக்கும் அங்கயே கிடந்துச்சு, அப்புறம் புனே ஆவணக் காப்பகம் வாங்கிக்கிச்சு. ஓடாததாலதான் பொழைச்சுது!

இதுக்கு நடுவுல தனி ஆளா ஒருத்தர் சேத்தார். பிலிம் நியூஸ் ஆனந்தன். 'நாடோடி மன்னன்' (1958) மூலமா தமிழ் சினிமாவோட முதல் பி.ஆர்.ஓ. ஆனவர். ஸ்டில்ஸ், பாட்டுப் புத்தகம், யார் நடிச்சா, யார் இசை, என்னைக்கு ரிலீஸ்னு ஒரு படம் விடாம எழுதி வச்சார். ஹிட்டு ஃப்ளாப்புன்னு பேதமே பாக்கலை. அதுதான் முக்கியம்னு எனக்குப் படுது. 2002ல தமிழக அரசு அந்தச் சேகரிப்பை 10 லட்சம் ரூபாய்க்கு வாங்குச்சு. அன்னைய கணக்குல சுமார் 20,000 டாலர். தமிழ் சினிமா மொத்தத்தோட நினைவுக்கும், இன்னைக்கு நாவலூர்ல ஒரு ஃப்ளாட்டோட முன்பணத்துக்கும் ஒரே ரேட்! அவர் தொகுத்த 'சாதனைகள் படைத்த தமிழ்த்திரைப்பட வரலாறு' 2004ல வெளிவந்துச்சு, அதுக்கு அரசுக்கு நன்றி சொல்லணும். ஆனா நிரந்தரக் கண்காட்சின்னு பேசினது, 2016 மார்ச்ல அவர் கண் மூடற வரைக்கும் வரவேயில்லை.

இன்னொருத்தர் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். இவர் சினிமாக்காரர் இல்லை. விளம்பரப் பலகை எழுதற தொழில்ல இருந்தவர். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சினிமா பாட்டுப் புத்தகம்னு எதையும் தூக்கிப் போடாதவர். 1992ல காலமானார். சுமார் ஒரு லட்சம் உருப்படி. தனித்தனியா வித்திருந்தா உலகம் முழுக்கச் சிதறியிருக்கும். 1994ல சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தமா வாங்குச்சு. வாங்கினவங்க அமெரிக்காவுக்கு அள்ளிட்டுப் போகலை பாருங்க, அங்கதான் நிக்கறாங்க. சென்னையிலயே நூலகம் வச்சு, பட்டியல் போட்டு, மைக்ரோஃபிலிம் எடுத்தாங்க. முதல்ல முகப்பேர், இப்ப தரமணி. அதே 1994ல தரமணில ஒரு திரைப்பட நகரமும் திறந்தாங்க. அது இப்ப இல்லை. நூலகம் இருக்கு. நானும் ஓ.எம்.ஆர்.ல வருஷக்கணக்கா போய்ட்டு வர்றேன், அங்க ஒரு நாள் இறங்கிப் பாக்கணும்னு தோணினதில்லை. வெக்கமாத்தான் இருக்கு.

சரி, நம்ம ஏல ஆளு கேட்ட 'ஹரிதாஸ்' படத்துக்கு வர்றேன். மெட்ராஸ் பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பார்த்த படம். ரிலீஸ் ஆன கொஞ்ச நாள்லயே லட்சுமிகாந்தன் கொலை வழக்குல பாகவதர் அரெஸ்ட். தலைவர் உள்ள, படம் வெளிய ஓடிக்கிட்டு இருக்கு. 1947ல விடுதலையானார், ஆனா பழைய மார்க்கெட் திரும்பலை. இவ்வளவு கதை இருக்கறதாலதான் எட்டாயிரம். ஆனா படம் இன்னைக்கும் இருக்கு, பாட்டு இருக்கு, யூட்யூப்ல தட்டினா வருது. அந்தப் புத்தகம் இல்லாட்டியும் 'ஹரிதாஸ்' அழியாது.

அவர் வேணாம்னாரே, நகராத 36? அதுல பாதிப் படம் பேரே நான் கேள்விப்பட்டதில்லை. ரெண்டு படத்துக்கு நெட்ல ஒரு வரி கூட இல்லை. அதுல யாரோ ஒரு பாட்டு வாத்தியார், யாரோ ஒரு அசிஸ்டெண்ட் டைரக்டர் பேரு அச்சுல இருக்கு. அவங்க படத்துல வேலை பாத்ததுக்கு இந்தக் காகிதம்தான் மிச்சமோ என்னமோ. தாத்தா மூர் மார்க்கெட்ல அதை எல்லாம் ஏன் வாங்கினார்னு பாட்டிகிட்ட கேட்டேன். "எல்லாத்தையும் வாங்கினா கடைக்காரன் குறைச்சுக் குடுப்பான்டா"ன்னுட்டாங்க. அவ்வ்வ்வ்...

எட்டாயிரம் சும்மா இல்லைதான், மாசக் கடைசியில பொய் சொல்லக் கூடாது. ஆனா அந்த ஆளுக்கு மெசேஜ் போட்டேன், "சார், 43ம் சேர்த்துத்தான். பிரிச்சுத் தர்றதா இல்லை. நீங்களும் பிரிச்சு விக்கக் கூடாது". ரெண்டு நீல டிக் வந்துச்சு. பதினோரு நாளாச்சு, பதில் இல்லை.

அம்மா பெட்டிக்குள்ள புதுசா வேப்பிலை போட்டு வச்சிருக்காங்க. நான் ராத்திரி ஒவ்வொண்ணா மொபைல்ல ஸ்கேன் பண்ணிக்கிட்டிருக்கேன், நகராத 36ல இருந்துதான் ஆரம்பிச்சிருக்கேன். இதுவரைக்கும் ஒன்பது முடிஞ்சுது. வர்ற சனிக்கிழமை லீவு, தரமணி போய் அவங்ககிட்ட எது இல்லைன்னு பட்டியல்ல பாக்கணும்.