சுடுகாட்டுப் பூ தந்த மருந்து

முசிறிப் பக்கம் காவிரிக் கரையோரங்களில் நித்தியகல்யாணி யாரும் நடாமலே வளரும். ஆண்டு முழுவதும் பூப்பதால் அந்தப் பெயர். சுடுகாட்டிலும் முளைப்பதால் 'சுடுகாட்டுப் பூ' என்று சொல்லி வீட்டில் வைக்கத் தயங்குவோரும் உண்டு. இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கான மருந்து ஒன்று இந்தச் செடியிலிருந்துதான் வந்தது.

இதன் சொந்த ஊர் மடகாஸ்கர். பல நாடுகளில் சர்க்கரை நோய்க்கு இதன் இலைக் கஷாயத்தைக் குடித்தார்கள். 1952-ல் ஜமைக்காவிலிருந்து சில இலைகள் கனடாவுக்கு வந்தன. ராபர்ட் நோபிள் அந்தச் சாற்றை எலிகளுக்கு வாய்வழியே கொடுத்தார், சர்க்கரை குறையவில்லை. ஊசியில் ஏற்றினார், எலிகள் நோய்த்தொற்றில் செத்தன. பார்த்தால், இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன!

வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்? ஆராய்ச்சி அந்தப் பக்கம் திரும்பியது. நோபிளும் வேதியியலாளர் சார்லஸ் பீரும் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் 1958-ல் அறிவிக்கப்பட்டது. இதே செடியை ஆராய்ந்த அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தின் வின்கிறிஸ்டின் 1963-ல் அனுமதி பெற்றது. செல் இரண்டாகப் பிரியத் தேவையான நுண்குழாய்களை இவை உருவாக விடுவதில்லை. மற்ற மருந்துகளோடு சேர்த்து வின்கிறிஸ்டின் இன்றும் தரப்படுகிறது.

ஒரு கிராம் வின்கிறிஸ்டினுக்கு மிகப் பெரிய அளவு காய்ந்த இலை வேண்டும். எனவே கைப்பிடி இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் புற்றுநோய் தீராது, விஷமாகவும் ஆகலாம். அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் இழப்பது உயிரை. நாட்டு மருத்துவம் செடியைக் காட்டியது. எந்த நோய்க்கு, எவ்வளவு என்பதைச் சொன்னது சோதனைதான்.