ஓய்வூதியக் கணக்கில் நழுவும் உதவித்தொகை: தலித் படைவீரர் குடும்பங்கள் அறிய வேண்டியவை

திருவள்ளூர் மாவட்டத்தில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஆதிதிராவிடர் என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இம்மாவட்டத்தில் படைப்பணி முடித்துத் திரும்பிய தலித் ஒருவரின் பிள்ளை கல்லூரியில் சேரும்போது இருவேறு உதவி ஏற்பாடுகளை நாட முடியும். ஆதிதிராவிடர் என்ற முறையில் கிடைப்பது ஒன்று. முன்னாள் படைவீரரின் பிள்ளை என்ற முறையில் கிடைப்பது மற்றொன்று. இரண்டும் சேர்ந்தால் படிப்புச் செலவு முழுதும் தீர்ந்துவிடும் என்று ஊரார் கருதுவர். நடைமுறை அப்படி இல்லை. தந்தையின் படை ஓய்வூதியமே குடும்பத்தை முதல் ஏற்பாட்டின் வருமான வரம்புக்கு வெளியே தள்ளிவிடுகிறது. இரண்டாவது ஏற்பாடு தரும் தொகையோ கட்டணத்துக்கே போதுவதில்லை. எந்தக் குடும்பம் எதைப் பெறலாம், எங்கே இழக்கிறது, எதைக் கோர வேண்டும் என்பதை இக்கட்டுரையில் தொகுக்கிறோம்.

சுபேதாரின் மகன் கேட்டுப் பெற்ற திட்டம்

அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் பிரித்தானிய இந்தியப் படையில் சுபேதார். மாவ் படைமுகாமில் இருந்த பள்ளியில் ஆசிரியராகவும் பணியாற்றியவர். ஊர்ப் பள்ளி தீண்டப்படாதோரை வாசலில் நிறுத்திய காலத்தில், படைப்பணிதான் அக்குடும்பத்துக்கு எழுத்தறிவைத் தந்தது. சென்னை மாகாணத்திலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையிலும் பின்னர் சென்னை சாப்பர்ஸ் பிரிவிலும் பறையர்கள் பெருமளவில் பணியாற்றினர். 'போர்க்குணமுள்ள இனங்கள்' என்ற கொள்கை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்றபோது அவ்வழி குறுகிற்று.

1942 ஜூலையில் வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரான அம்பேத்கர், அவ்வாண்டு அக்டோபரில் பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து அரசிடம் மனு அளித்தார். உயர்கல்விக்கான உதவித்தொகை அதன் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று. இன்று நாம் 'போஸ்ட் மெட்ரிக்' என்று அழைக்கும் திட்டம் 1944இல் தொடங்கியது. சுபேதார் ஒருவரின் மகன் கேட்டுப் பெற்ற அத்திட்டத்தில், இன்றைய சிப்பாயின் மகளுக்கு இடம் இருக்கிறதா என்பதே நம் கேள்வி.

இரண்டரை லட்சம் என்னும் கோடு

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. 2013-14இல் வகுக்கப்பட்ட வரம்பு இது. தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்க வகைசெய்யும் 2012ஆம் ஆண்டின் அரசாணை 92க்கும் வருமான வரம்பு உண்டு.

'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' திருத்தத்தின்போது ஒன்றிய அரசு காட்டிய கணக்கின்படி, 2019 ஜூலை 1 முதல் ஒரு சிப்பாயின் மாத ஓய்வூதியம் ரூ.19,726. ஆண்டுக்கு ரூ.2,36,712. இதுவரை வரம்புக்குள்தான். ஆனால் 2024 ஜனவரியில் அகவிலை நிவாரணம் 50 விழுக்காட்டை எட்டியது. அதையும் கூட்டினால் ரூ.3,55,068 ஆகிறது. விலைவாசி உயர்வை ஈடுகட்டத் தரப்படும் தொகையே குடும்பத்தை 'வசதியுள்ளது' என்று கணக்கில் காட்டிவிடுகிறது. விலைவாசிக்கேற்ப ஓய்வூதியம் திருத்தப்படுகிறது. உதவித்தொகையின் வருமான வரம்பு மட்டும் அசையவில்லை.

முப்பத்தைந்து, நாற்பது வயதில் படையை விட்டு வருபவர் அந்த ஓய்வூதியத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. கும்மிடிப்பூண்டி, தேர்வாய்க்கண்டிகை சிப்காட் ஆலைகளின் வாயில்களில் ஒப்பந்தக் காவலராக நிற்கும் முன்னாள் படைவீரர்களை நாம் காண்கிறோம். அந்த ஊதியமும் வருமானச் சான்றிதழில் ஏறும். அதே தேர்வாய்க்கண்டிகையில் தலித் மக்கள் தம் மேய்ச்சல் நிலத்தைத் தொழிற்பூங்காவுக்கு இழந்து போராடியதை வாசகர்கள் அறிவர். நிலம் இல்லாத குடும்பத்துக்கு மாதச் சம்பளம் ஒன்றே பிடிமானம்.

இங்கு ஓர் ஒப்பீடு தேவை. பிற்படுத்தப்பட்டோரில் 'வளமான பிரிவினர்' யார் என்பதற்கு 2017 முதல் ரூ.8 லட்சம் வரம்பு. 2019இல் வந்த பொருளாதாரத்தில் நலிந்த முற்பட்ட பிரிவினருக்கான 10 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கும் அதே ரூ.8 லட்சம். முற்பட்ட சாதிக் குடும்பம் ரூ.7.9 லட்சம் ஈட்டினாலும் ஏழை. தலித் சிப்பாயின் குடும்பம் ரூ.3.5 லட்சத்தில் உதவிக்கு உரியதல்ல.

விதவையர் குடும்பங்கள் கவனிக்க

படைவீரர் இறந்துவிட்ட குடும்பங்களின் கணக்கு வேறு. குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியம் மாதம் ரூ.9,000. 50 விழுக்காடு அகவிலை நிவாரணம் சேர்த்தாலும் ஆண்டுக்கு ரூ.1,62,000தான். வேறு வருமானம் இல்லையெனில் இத்தகைய குடும்பத்தின் பிள்ளைகள் போஸ்ட் மெட்ரிக் தொகைக்கும் அரசாணை 92க்கும் உரியவர்கள். 'ராணுவப் பென்ஷன் வாங்குகிறவர்களுக்குக் கிடைக்காது' என்ற பொதுப்பேச்சை நம்பி விண்ணப்பிக்காமல் இருந்துவிடக் கூடாது. கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடருக்கு மாநில நிதியிலிருந்து இத்தகைய உதவி உண்டு.

போஸ்ட் மெட்ரிக் பெறுபவர் வேறு உதவித்தொகையைச் சேர்த்துப் பெற விதி இடம் தருவதில்லை; இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கையெழுத்திடும் முன் இரண்டையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

படைவீரர் நலத் திட்டங்கள் தருவது என்ன?

முதலாவது, பிரதமரின் கல்வி உதவித்தொகைத் திட்டம். 2006-07இல் தொடங்கிய இதை மத்திய படைவீரர் வாரியம் நடத்துகிறது. 2019-20 முதல் மாணவியருக்கு மாதம் ரூ.3,000, மாணவர்களுக்கு ரூ.2,500 என்ற விகிதத்தில் ஆண்டுதோறும் வழங்கப்படுகிறது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 5,500 பேர், அவர்களில் பாதி பெண்கள். பொறியியல், மருத்துவம், செவிலியம், கல்வியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கே இது பொருந்தும். தகுதித் தேர்வில் குறைந்தது 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். போரில் இறந்தோர், ஊனமுற்றோர் குடும்பங்களுக்கு முன்னுரிமை. பொதுவான முன்னாள் படைவீரர் பிரிவில் அதிகாரி நிலைக்குக் கீழுள்ளோரின் பிள்ளைகளே சேர்க்கப்படுகின்றனர். சாதி இங்கு ஓர் அளவுகோல் அல்ல.

இரண்டாவது, பாதுகாப்பு அமைச்சரின் முன்னாள் படைவீரர் நல நிதியிலிருந்து வரும் கல்வி மானியம். ஹவில்தாரும் அவருக்குக் கீழுள்ளோரும் இரு பிள்ளைகளுக்கு, முதல் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை பெறலாம். மாதம் ரூ.1,000 ஆக இருந்த இத்தொகை 2025 நவம்பர் 1 முதல் அளிக்கப்படும் விண்ணப்பங்களுக்கு ரூ.2,000 ஆக உயர்த்தப்பட்டது. பொன்னேரியிலோ திருத்தணியிலோ உள்ள அரசுக் கலைக் கல்லூரியில் பயிலும் பிள்ளைக்கு இதுவே பொருத்தமான வழி.

மூன்றாவது, போரில் இறந்த, காணாமற்போன, ஊனமுற்ற படையினரின் பிள்ளைகளுக்கான முழுக் கல்விக் கட்டணச் சலுகை. 2017இல் இதற்கு மாதம் ரூ.10,000 உச்சவரம்பு விதிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததால் 2018 மார்ச்சில் நீக்கப்பட்டது. எழுதிவைத்த வரம்பும் போராடினால் மாறும் என்பதற்கு இதுவே சான்று.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குத் தனி இடங்கள் உள்ளன. ஆனால் இடம் கிடைப்பது வேறு, கட்டணம் கட்டுவது வேறு. அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குச் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வாங்கத்தக்க கட்டணத்தை 2017இல் நிர்ணயக் குழு ரூ.50,000 என்றும், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு ரூ.55,000 என்றும் வகுத்தது. பிரதமர் திட்டத்தில் மாணவருக்கு ஆண்டுக்குக் கிடைப்பது ரூ.30,000, மாணவிக்கு ரூ.36,000. துண்டு விழுவது ரூ.14,000 முதல் ரூ.25,000 வரை. விடுதி, பேருந்து, புத்தகம் இக்கணக்கில் இல்லை.

யார் 'முன்னாள் படைவீரர்'?

ஆவடியில் இக்குழப்பம் மிகுதி. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலை ஊழியர்கள் பாதுகாப்புத் துறையைச் சார்ந்தவர்களே எனினும் படைவீரர் அல்லர். சி.ஆர்.பி.எஃப். காவலர்களும் இந்த வரையறைக்குள் வாரார். அவர்களின் பிள்ளைகளுக்கு உள்துறை அமைச்சகத்தின் வழியாகப் பிரதமர் உதவித்தொகை தனியே உண்டு.

அக்னிவீரர் நிலை இன்னும் கவலைக்குரியது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடிவில் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே பணியில் தொடர்வர். ஏனையோருக்கு வட்டியுடன் ஏறத்தாழ ரூ.11.71 லட்சம் சேவா நிதி உண்டு. அதில் ஒரு பாதி அவர்கள் சம்பளத்தில் பிடித்ததே. ஓய்வூதியமும் இல்லை, முன்னாள் படைவீரர் தகுதியும் இல்லை. ஆகவே மேற்சொன்ன திட்டங்களில் அவர்களின் பிள்ளைகளுக்கு இடமில்லை.

வருமான வரம்பு தடுக்காத வழிகள்

குடும்பத்தில் எவரும் பட்டம் பெறவில்லை எனில், ஒற்றைச் சாளர முறையில் தொழிற்படிப்பில் சேரும் மாணவருக்கு முதல் தலைமுறைப் பட்டதாரி கட்டணச் சலுகை உண்டு. இதற்கு வருமான வரம்பு இல்லை. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு. அவ்வழிச் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ரூ.1,000 கிடைக்கும், புதுமைப் பெண் தொகையை வேறு உதவித்தொகை பெறுவோரும் பெறலாம்.

இங்கும் படைவீரர் குடும்பம் இழக்கிறது. தந்தை பதான்கோட்டிலும் ஜோத்பூரிலும் பணியாற்றும்போது பிள்ளைகள் கேந்திரிய வித்யாலயாவிலோ படைப் பள்ளியிலோ பயில்கின்றனர். ஊர் திரும்பியபின் 'அரசுப் பள்ளி' என்ற நிபந்தனையை அவர்களால் நிறைவு செய்ய இயலுவதில்லை.

செய்ய வேண்டியவை

படைவிலகல் புத்தகம், ஓய்வூதிய ஆணை, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை ஆகியவற்றில் பிள்ளையின் பெயரும் பிறந்த நாளும் பள்ளிச் சான்றோடு பொருந்துகின்றனவா என்று 12ஆம் வகுப்பிலேயே சரிபார்க்க வேண்டும். சார்ந்தோர் சான்றினை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும், சாதி, வருமான, முதல் பட்டதாரிச் சான்றுகளை இ-சேவை வழியே வட்டாட்சியரிடமும் பெறலாம். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை வட்டங்களில் இயங்கும் மாணவர் அமைப்புகள் இரு துறைகளின் பட்டியலையும் ஒரே தாளில் எழுதி ஊர்தோறும் ஒட்டினால், பல விண்ணப்பங்கள் காலம் தவறாமல் போய்ச் சேரும்.

கோரிக்கைகள் மூன்று. போஸ்ட் மெட்ரிக் வருமான வரம்பு ரூ.8 லட்சமாக உயர்த்தப்பட வேண்டும். அதுவரை அகவிலை நிவாரணத்தை வருமானத்தில் சேர்க்கக் கூடாது. தந்தையின் பணியிட மாறுதலால் வெளிமாநிலத்தில் பயின்ற படைவீரர் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி மாணவர்க்கான சலுகைகள் நீட்டிக்கப்பட வேண்டும்.

அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போர் வீரர்களைக் கல்லூரிக்கு அனுப்பிய ஜி.ஐ. சட்டமும் 1944இல்தான் வந்தது. சட்டத்தின் எழுத்தில் நிறவெறி இல்லை. ஆயினும் செயற்படுத்தும் பொறுப்பு உள்ளூர் அதிகாரிகளிடம் இருந்ததால், தென்மாநிலங்களின் கறுப்பின வீரர்கள் பலருக்கு அதன் பயன் சென்று சேரவில்லை. நம் விதிகளிலும் சாதியின் பெயர் இல்லை. ஒரு வருமான வரம்பும் ஒரு பள்ளி நிபந்தனையும் மட்டுமே உள்ளன. தலித் படைவீரரின் பிள்ளையை வெளியே நிறுத்த அவை போதுமானவையாக இருக்கின்றன.